நேரலையில் மறுபடி எடுக்கும் வழக்கமில்லை

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வரும் 'இன்றிரவு நேரலை' என்ற இசை நிகழ்ச்சியைச் செவ்வாய்க்கிழமை மத்தியானமே எடுத்து வைத்துவிடுவார்கள். அதில் பாடுகிற பாட்டு அதற்கும் முந்தைய வாரம் பதிவாகியிருக்கும். கைதட்டல் போன வருஷத்தது. இவ்வளவு முன்னேற்பாடு இருப்பதால்தான் ஃபிஜி முழுவதிலும் ஒரு பிசிறுகூட இல்லாத ஒரே நேரலை தங்களுடையது என்று சுவா நகரத்தின் அந்தத் தொலைக்காட்சி நிலையம் மார் தட்டிக்கொண்டது. வாசலில் அதற்கு ஒரு பலகையும் உண்டு.

எபராமாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் நௌசோரிப் பாதையில் பேருந்து ஓட்டுகிறவன். நேரலை என்றால் ஒருவன் பாடும்போதே இன்னொருவன் கேட்பது என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் படித்த பள்ளிக்கூடம் அப்படி.

அந்த நிகழ்ச்சியில் அவன் பாடியே ஆக வேண்டியிருந்தது. புகழுக்காக இல்லை, மாமனாருக்காக.

வசேமதாவைக் காண்டவுத் தீவிலிருந்து அவன் கப்பலேற்றிக் கூட்டிக்கொண்டு வந்தபோது யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் பெண் இல்லை. அப்படிச் செய்தவன் பிறகு திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டு போய், பெண் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். எபராமா இரண்டு தடவை போய்க் குனிந்தான். மாமனார் சமிசோனி இரண்டு தடவையும் பல்லைத் தொடவில்லை, எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். இப்போது அவனுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. தலைப்பிள்ளையைத் தாயின் ஊருக்குக் கொண்டுபோய்ப் பாய் விரித்து முகம் காட்டினால்தான் அந்த ஊருக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதாகக் கணக்கு. மன்னிப்பு இல்லாமல் முகம் காட்ட முடியாது. வசேமதா வாய் திறந்து எதுவும் கேட்பதில்லை. ஆனால் காண்டவுக் கப்பல் புறப்படுகிற நாளில் அவள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாக இருக்கும்.

போன வருஷம் மைத்துனன் மோசேசே வந்தபோது மாமனாரின் நிபந்தனையைக் கொண்டுவந்தான்.

"அப்பா சொன்னத அப்படியே சொல்றேன் மச்சான், கோவிச்சுக்காத. 'எம் பொண்ண சத்தமில்லாம கூட்டிட்டுப் போனான்ல? இப்ப சத்தமா சொல்லட்டும். எங்கூர் பேரச் சொல்லி, எம் பேரச் சொல்லி, ஊரே கேக்கற மாதிரி சொல்லட்டும். அப்புறம் பல்ல எடுத்துக்கிட்டு வரட்டும்'னாரு."

சத்தமாகச் சொல்லச் சொன்ன மனிதருக்குக் காது கேட்காது. வாலிபத்தில் கடல் அட்டை எடுக்க அளவுக்கு மீறி ஆழம் போய், இரண்டு காதையும் கடலிலேயே விட்டுவிட்டு வந்தவர் சமிசோனி. அதற்கு முன்பு காண்டவுவில் தன் ஊரான வைடோலுவின் பாட்டுக் குழுவில் அடிக்குரல் அவர்தான். அங்கே பாடுகிறவர்கள் கேட்கிறவர்களைப் பார்த்து உட்காருவதில்லை. யங்கோனா என்ற வேர்ப் பானம் கரைத்த தனோவாவை, அந்தப் பெரிய மரக் கிண்ணத்தை, நடுவில் வைத்து, ஒருவரையொருவர் பார்த்தபடி வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். கேட்க வந்தவர்களுக்கு முதுகுதான். தலைக்குரல்காரனின் வாயைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். காது போன பிறகும் சில வருஷம் சமிசோனி அந்த வட்டத்தில் உட்கார்ந்து, வாயைப் பார்த்தே இடம் பிடித்துப் பாடியிருக்கிறார். சுருதி கொஞ்சம் அப்படியிப்படிப் போனாலும் சொல் பிசகாது. அந்த வீட்டில் எல்லோரும் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து பேசுவார்கள். வசேமதா இன்றைக்கும் அப்படித்தான். சுவாவில் அக்கம்பக்கத்தார் அவள் தங்களைத் திட்டுவதாக நினைத்து முதல் வருஷம் பேசவே இல்லை.

வைடோலுவின் தேவாலயக் கூடத்தில் ஒரு தொலைக்காட்சி உண்டு. சனிக்கிழமை மாலை ஊரே அதன் முன்னால் இருக்கும். எபராமா கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு பாட்டுக் கட்டினான். நான்கு அடுக்கு. முதல் மூன்றும் நிலா, பூ, அலை என்று வழக்கமாக வருகிறவை. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் கடைசி அடுக்கில்தான் வரும், எல்லாப் பாட்டிலும் அப்படித்தான். அந்த நான்கு வரியைச் சொல்வதற்காகத்தான் மற்றதெல்லாம்.

*

எபராமாவின் பாட்டுக் குழுவில் அவனோடு சேர்த்து நான்கு பேர். அதில் உகுலேலே என்ற குட்டிக் கிடார் வாசிக்கும் வைசாகே அவனுக்கு மாமன் மகன். வாயை அடக்கத் தெரியாதவன். அடிக்குரல் பாடும் டேவிட்டா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். வாயைத் திறந்தால் பாட்டு மட்டும்தான் வரும். நாலாவது ஆள் டேவிட்டாவின் தம்பி, இரண்டாம் குரல். அண்ணன் போகும் இடமெல்லாம் அவனும் வருவான்.

பிறத்தியார் இடத்துக்குள் போகிறபோது யங்கோனா வேர்க் கட்டு ஒன்றைக் கொண்டுபோய் அந்த இடத்துப் பெரியவர் முன் வைத்து, அவர் கை தட்டி வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். நால்வரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கிய கட்டோடு நிலையத்தின் வரவேற்பறையில் தரையில் உட்கார்ந்தார்கள்.

வரவேற்பில் இருந்த பெண் பதறிப்போய் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, எந்திரிங்கண்ணே! எனக்குத் தெரியும், எங்க ஊர்லயும் இதான் வழக்கம். ஆனா இங்க நான் வாங்கக்கூடாது. அன்பளிப்புக் கொள்கை இருக்கு."

"உன்கிட்ட குடுக்கல தாயி. இந்த இடத்துக்குப் பெரியவர் யாரோ அவர்கிட்ட."

அவள் யோசித்தாள். அந்த இடத்துக்குப் பெரியவர் யார் என்ற கேள்வியை அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை. செய்திப் பிரிவுக்குப் போன் போட்டாள். அவர்கள் விளம்பரப் பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். விளம்பரப் பிரிவு, அது தாவரம் என்பதால் பராமரிப்புத் துறையைக் கேட்கச் சொன்னது. பராமரிப்புத் துறையிலிருந்து வந்த ஆள் வேரை முகர்ந்து பார்த்து, நல்ல காண்டவுச் சரக்கு என்று சான்று கொடுத்துவிட்டு, சட்டப் பிரிவைக் கேட்கச் சொன்னான்.

"மச்சான், இவங்களுக்குத் தலைவரே இல்லையா?" என்றான் வைசாகே. "தலையில்லாத கோழிகூட எந்தப் பக்கம் ஓடணும்னு தெரிஞ்சு ஓடும்டா."

கடைசியில் மாடியிலிருந்து ஒரு இளைஞன் இறங்கி வந்தான். நீல அலை நூடுல்ஸ் கம்பெனியின் பிரதிநிதி. நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் அவர்கள்தான். 'நிகழ்ச்சிக்கு யார் காரணமோ அவர்தானே பெரியவர்' என்று சட்டப் பிரிவு தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். அவன் நின்றபடியே ஒரு கையால் கட்டை வாங்கி, "தேங்க்ஸ், இதுல எதாவது ஃப்ளேவர் இருக்கா?" என்று கேட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். எபராமாவுக்கு அப்போதே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. குழந்தையின் முகத்தை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

நிகழ்ச்சித் தலைவர் அவினேஷ் அவர்களைத் தன் அறையில் வரவேற்றார். எல்லோரையும் பிரதர் என்று கூப்பிடுகிறவர்.

"பிரதர், உங்கள மாதிரி ஆளுங்களத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். மண்ணு வாசன! அத நாங்க அப்படியே காட்டப் போறோம், ஒண்ணும் மாத்த மாட்டோம். உக்காந்து பாடறது மட்டும் வேண்டாம். உக்காந்தா கேமராவுக்குத் தலைதான் தெரியும்."

"வட்டமா உக்காந்தாத்தான் சார் ஒருத்தர் வாய ஒருத்தர் பாக்க முடியும்."

"வட்டமும் வேண்டாம். மக்களுக்கு முதுகக் காட்டறது மரியாத இல்ல பாருங்க. வரிசையா நில்லுங்க. யங்கோனா வேண்டாம், குடும்பங்கள் பாக்கற நேரம். அந்தப் பூப் போட்ட சட்ட வேண்டாம், செட்டோட கலரோட சண்ட போடுது. மத்தபடி அப்படியே இருங்க. உண்மையா இருங்க."

எபராமா பாட்டின் கடைசி அடுக்கைப் பற்றிச் சொன்னான். அதில் ஊர்ப் பெயர் வரும், மாமனார் பெயர் வரும், அது ரொம்ப முக்கியம் என்றான். எதற்கு முக்கியம் என்றும் விலாவாரியாகச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த அவினேஷின் கண் கலங்கிவிட்டது. மேசை மீதிருந்த காகிதத்தை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னா ஸ்டோரி பிரதர்! கடைசி அடுக்குல உன் மூஞ்சிக்கு ஒரு குளோசப் போடறேன். ஸ்கிரீன் முழுக்க நீதான். கண்ணீர் மட்டும் கரெக்டா வந்துடணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பேருங்க விஷயம்தான்... சரி, நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு அலுவலகம் சொன்னால் அன்றைக்கே உஷாராகிவிட வேண்டும். எபராமா நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

*

பாட்டைப் பதிவு செய்கிற நாளில் நால்வரையும் தனித்தனி அறையில் அடைத்தார்கள். காதில் எதையோ மாட்டினார்கள். அதற்குள் ஒரு மரங்கொத்தி விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. அதன் கொத்துக்குத் தகுந்தபடி பாட வேண்டுமாம்.

டேவிட்டா தன் அறையில் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். சத்தம் வரவில்லை.

"என்னப்பா, பாடு" என்றார் ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து.

"எபராமா வாயக் காட்டுங்க. பாடறேன்."

"அவர் வாய் எதுக்கு? அவர் குரல்தான் காதுல வருதே?"

"குரல் வந்தப்புறம் சேர்ந்தா லேட்டு சார். வாய் தொறக்கறப்பவே சேரணும்."

இதைப் பரிசீலிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். எபராமாவைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். கண்ணாடியின் மேல் நூடுல்ஸ் கம்பெனியின் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது, ஒப்பந்தப்படி அதைக் கிழிக்கக்கூடாது என்று இன்னொருவர் சொன்னார். டேவிட்டா சுவரொட்டியில் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்த பெண்ணின் வாயைப் பார்த்துப் பாட முயன்றான். அவள் வாய் மூடியே இருந்ததால் அவனும் மூடிக்கொண்டான்.

சாயங்காலம் ஒலிப்பதிவாளர் கையை உதறினார். "விடுங்க. கிடைச்சது போதும். மிச்சத்த மெஷின் பாத்துக்கும்."

"மெஷினுக்கு யார் வாயத் தெரியுமாம்?" என்றான் வைசாகே. அவன் அன்று முழுக்க வாசித்த உகுலேலேயைப் பதிவு செய்ய மறந்துவிட்டார்கள் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

*

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நேரலை தொடங்கியது.

அரங்கத்தின் நடுவில் ஒரு தனோவா இருந்தது. எபராமா சந்தோஷமாகக் கிட்டே போய்ப் பார்த்தான். அது தனோவா இல்லை. குளிக்கிற தொட்டியளவு நூடுல்ஸ் கிண்ணம். உள்ளே பிளாஸ்டிக் நூடுல்ஸ் சுருண்டு கிடந்தது, மேலே ஆவிக்குப் பதில் புகை. நால்வரும் அதன் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும்.

ஒருவன் வந்து கிடார்களையும் உகுலேலேயையும் வாங்கிக்கொண்டு போனான். திருப்பிக் கொடுத்தபோது அவற்றில் கம்பியில்லை.

"கம்பி எங்கப்பா?" என்றான் எபராமா.

"கழட்டிட்டோம். வெளிச்சத்துல மின்னுது. அதுவுமில்லாம தப்பித் தவறி சத்தம் வந்துட்டா நேரலை கெட்டுடும்."

வைசாகே கம்பியில்லாத உகுலேலேயை விரலால் தடவிப் பார்த்தான். "மச்சான், மாமனார் பொண்ண சத்தமில்லாமக் கூட்டிட்டு வந்த. இப்பப் பாட்டையும் சத்தமில்லாம வாசிக்கப் போற. உன் ஜாதகமே அப்படியாடா?"

"வாய மூடுடா."

"அதத்தான் செய்யச் சொல்றாங்க. மூடி மூடித் தொறக்கணுமாம்."

ஒத்திகைக்காகப் பாட்டை ஓடவிட்டார்கள். முதல் அடுக்கிலேயே எபராமாவுக்குக் குழப்பமாக இருந்தது. குரல் அவனுடையது மாதிரி இருந்தது, ஆனால் சோப்புப் போட்டுக் கழுவி இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. டேவிட்டாவின் இடத்தில் நாண்டி நகரத்து ஓட்டல் ஒன்றில் வெள்ளைக்காரப் பயணிகளுக்குப் பாடுகிற ஒருவனின் குரல். சரி, போகட்டும் என்று கடைசி அடுக்குக்காகக் காத்திருந்தான். அவன் எழுதியது இது:

*வைடோலு, உன் கரையில் வந்து தலை குனிந்தேன்,*
*சமிசோனி, உன் மகளை இருட்டில் கொண்டுபோனவன் நான்,*
*பகலில் வந்து கேட்கிறேன், பல்லைத் தொடு,*
*வசேமதாவின் பிள்ளை உன் முகம் பார்க்கட்டும்.*

ஒலிபெருக்கியில் ஓட்டல் பாடகன் குழைந்து குழைந்து பாடியது இது:

*நீல அலை, உன் கிண்ணத்தில் தலை குனிந்தேன்,*
*சுடுதண்ணி ஊற்றினால் சுகமாய் வெந்திடுவாய்,*
*பசியோடு கேட்கிறேன், மூடியைத் தொடு,*
*குடும்பமே கூடி உன் முகம் பார்க்கட்டும்.*

எபராமாவின் காது சூடாகிவிட்டது. கம்பியில்லாத கிடாரைக் கீழே வைத்துவிட்டு நேராக அவினேஷிடம் போனான்.

"இது என் பாட்டு இல்ல சார்."

"உன் பாட்டேதான் பிரதர். மெட்டு உன்னுது, உணர்ச்சி உன்னுது. பேருங்கள மட்டும் எடுத்தோம். வைடோலுன்னு ஒரு ஊர் பேரச் சொன்னா மத்த ஊரெல்லாம் சும்மா இருக்குமா? நடுநிலைன்னு ஒண்ணு இருக்கில்ல? எல்லா ஊர் பேரையும் சொல்லணும், இல்லாட்டி எதையும் சொல்லக்கூடாது. அதான் எல்லா ஊர்லயும் கிடைக்கற பொருளாப் பாத்துப் போட்டோம்."

"அந்தப் பேருங்களுக்காகத்தான் சார் நான் பாடவே வந்தேன்! உங்ககிட்ட சொன்னேனே. அழுதீங்களே!"

"இப்பவும் அழறேன் பிரதர். அது வேற, கொள்க வேற." அவினேஷ் அவன் தோளில் கை போட்டார். "மக்கள் உண்மையான இசையத்தான் கேக்கறாங்க. நாங்களும் அதத்தான் குடுக்கறோம். ஆனா உண்மைன்னா அதுல எதிர்பாராத எதுவும் நடந்துடக்கூடாது. அதுக்குத்தான் இத்தன பேர் ராப்பகலா உழைக்கறோம். இதோ பார், நீ நூடுல்ஸ்னு பாட வேண்டாம். நீ எதுவுமே பாட வேண்டாம். வாய மட்டும் அசை. யாராவது வாயப் பாத்துப் பாட்டுக் கேப்பாங்களா?"

எபராமா பதில் சொல்ல வாயெடுத்தான். பிறகு கீழே வைத்த கிடாரை எடுத்துக்கொண்டான். போய் வரிசையில் நின்றான்.

"என்னடா, ஒத்துக்கிட்டியா?" என்றான் வைசாகே.

"ம்."

"நூடுல்ஸுக்கா தலை குனியப் போற?"

"நீ உன் வேலயப் பாரு."

தொகுப்பாளினி, "வணக்கம் ஃபிஜி, நேரலையாக உங்களோடு!" என்று சொல்கிற இடத்தைப் பலமுறை எடுத்தார்கள், நூடுல்ஸ் பொட்டலத்தை அவள் பிடித்திருந்த கோணம் பிரதிநிதிக்குத் திருப்தியாக இல்லை. பிறகு பாட்டு ஓடியது. முதல் மூன்று அடுக்குக்கும் எபராமா மாடு அசைபோடுவதுபோல வாயை அசைத்தான். நான்காவது அடுக்கில் கேமரா நெருங்கி வந்தது. அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்ணாடி வட்டத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவராக நினைத்துக்கொண்டு, முகத்தை நேராக வைத்து, வசேமதா பேசுவதுபோல வாயை நன்றாகத் திறந்து, தன் நான்கு வரியையும் சத்தமில்லாமல் சொன்னான். ஒலிபெருக்கி நூடுல்ஸை வேகவைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வரியில் கண்ணீர் தானாக வந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். "சார், கடைசில வாய் எங்கயோ போகுது, பாட்டு எங்கயோ போகுது. இன்னொரு தடவ எடுத்துடலாமா?"

அவினேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறைத்தார். "என்ன பேசறீங்க? நேரலையில மறுபடி எடுக்கற வழக்கமே நம்மகிட்ட கிடையாது."

*

சனிக்கிழமை மாலை பக்கத்து வீட்டாரும் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தார்கள். குழந்தை அப்பாவைத் திரையில் பார்த்துவிட்டு, தொலைக்காட்சிக்குப் பின்னால் போய்த் தேடியது. கடைசி அடுக்கு வந்தது. எபராமாவின் முகம் திரையை அடைத்தது. அதே நேரம் திரையின் அடியிலிருந்து ஒரு நூடுல்ஸ் கிண்ணத்தின் படம் மெல்ல எழும்பி, ஆவி பறக்க, அவன் மோவாய்வரை வந்து நின்றது. ஆவி உதட்டின் மேல் படர்ந்து படர்ந்து விலகியது.

எபராமா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான். வசேமதா மட்டும் கண்ணை எடுக்காமல் முடியும்வரை பார்த்தாள். வெளியே வந்து அவன் எதிரே நின்றாள்.

"நான் பாத்தேன்" என்றாள்.

"உனக்கு வரி தெரியும், பாத்த. அவருக்கு எப்படித் தெரியும்? அதான் ஆவிய விட்டு மூடிட்டானுங்களே! சரி, தெரிஞ்சதுன்னே வெச்சுக்க. ஊர் கேக்கணும்னுல சொன்னாரு? ஊர் என்ன கேட்டுச்சு? சுடுதண்ணி ஊத்துனா வெந்துடும்னு கேட்டுச்சு!"

வசேமதா காண்டவுவுக்குப் போன் போட்டாள். அங்கே செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. திங்கட்கிழமை காலை நௌசோரிப் பேருந்தில் ஏறிய பள்ளிப் பிள்ளைகள் அவனைப் பார்த்ததும் கோரஸாக, "மூடியைத் தொடு!" என்று பாடினார்கள். ஒரு அம்மாள் சில்லறை கொடுக்கும்போது, எந்த ருசி நல்லது, கோழியா நண்டா என்று அக்கறையாகக் கேட்டாள். நாட்டையே பார்த்து மன்னிப்புக் கேட்கப் போய், நாட்டுக்கே நூடுல்ஸ்காரன் ஆகிவிட்டான். ஸ்டீயரிங்கைப் பிடுங்கி எங்காவது எறியலாம்போல அவனுக்கு ஆத்திரம் வந்தது. எறிந்தால் பேருந்து போகாது என்பதால் ஓட்டினான்.

மத்தியானம் அவினேஷ் போன் செய்தார்.

"பிரதர்! சூப்பர் ஹிட்! அந்தக் கண்ணீர் இருக்கே, கம்பெனிக்காரங்க உருகிட்டாங்க. அடுத்த நிகழ்ச்சிக்கும் நீங்கதான். ஒரே ஒரு சின்ன விண்ணப்பம். வாய் அசைவு சரியில்லன்னு ஒலிக்காரர் எழுத்துல குடுத்திருக்காரு. அதனால அடுத்த நேரலையில வாயையும் அசைக்க வேண்டாம். அதையும் நாங்க பாத்துக்கறோம்."

"அப்ப நான் எதுக்கு சார்?"

அவினேஷ் உண்மையிலேயே யோசித்தார். "நல்ல கேள்வி. கூட்டத்துல கேட்டுச் சொல்றேன்" என்றார்.

எபராமா அவரிடம் அதற்குப் பிறகு சொன்னதை எழுத முடியாது. குடும்பங்கள் படிக்கிற கதை இது.

*

அந்த வாரக் கப்பலில் மோசேசே வந்து இறங்கினான். தோளில் ஒரு மூட்டை. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். எபராமா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சொல்லித் தொலைடா" என்றான் கடைசியில். "சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்களாவா? கூடமே உருண்டுச்சு மச்சான். 'நூடுல்ஸ் மாப்ள, நூடுல்ஸ் மாப்ள'ன்னு ஒரே கூத்து. பாதிரியாரே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாரு."

வசேமதா இடுப்புத் துணியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்பா?" என்று அதற்குள்ளிருந்தே கேட்டாள்.

"அப்பா எப்பவும்போல முன்னாடி, டீவிக்கு மூக்கு முட்டற மாதிரி உக்காந்திருந்தாரு. பாட்டு முடிஞ்சதும் எந்திரிச்சுத் திரும்பினாரு. எல்லாம் சிரிச்சுக்கிட்டு இருக்கு. அவருக்கு ஒண்ணும் புரியல. என்னப் பாத்து, 'எதுக்குடா சிரிக்கறானுங்க? ஒரு மனுசன் அழுதுக்கிட்டே மன்னிப்புக் கேக்கறான், சிரிப்பா?'ன்னாரு. நான் அவர் முன்னாடி நின்னு, 'அப்பா, அது நூடுல்ஸ் விளம்பரம்பா'ன்னேன். 'எந்த நூடுல்ஸ்? எம் பேரச் சொன்னான். எம் பொண்ணு பேரச் சொன்னான். உங்களுக்கெல்லாம் காது அடைச்சுப் போச்சா?'ன்னு கேட்டாரு."

எபராமா சுவரிலிருந்து திரும்பினான்.

"ஆவி..." என்றான்.

"ஆவியா? அட போ மச்சான். அடுப்புப் புகைமூட்டத்துல, தனோவாவுக்கு அந்தப் பக்கம் உக்காந்தவன் வாயப் பாத்துப் பாடின ஆளு அவரு."

"ஆனா ஊர் கேக்கணும்னு..."

"அதத்தான் சொல்ல வர்றேன். ஊர் கேக்கலன்னு அவருக்கு அப்பத்தான் புரிஞ்சுது. கோவம்னா கோவம். கைத்தடிய ஒரு தட்டுத் தட்டினாரு, கூடம் அடங்கிப் போச்சு. நடுவுல போய்ப் பாய்ல உக்காந்தாரு. 'செவிட்டுப் பசங்களா, நான் சொல்றேன் கேளுங்க'ன்னு சொல்லிட்டுப் பாடினாரு மச்சான். உன் கடைசி அடுக்க. நாலு வரியும். ஒரு சொல் விடல."

குழந்தை மோசேசேயின் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"சுருதியா? கேட்டா நாய் ஓடிடும்" என்றான் மோசேசே. "'சமிசோனி, உன் மகளை இருட்டில் கொண்டுபோனவன் நான்'னு அவரே அவரப் பாத்துப் பாடறாரு. ரெண்டாவது தடவ பாடறப்ப பழைய குழு ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து சுத்தி உக்காந்துட்டாங்க. அவர் வாயப் பாத்து எல்லாரும் சேந்துக்கிட்டாங்க. பின்னால டீவி தன்பாட்டுக்குக் கைதட்டிக்கிட்டே இருந்துச்சு."

ஃபிஜி முழுவதிலும் அன்று மாலை நேரலையாகப் பாடப்பட்ட பாட்டு அது ஒன்றுதான்.

மோசேசே மூட்டையை அவிழ்த்தான். உள்ளே புதிதாக முடைந்த சின்னப் பாய் ஒன்று இருந்தது, ஒரு குழந்தை உட்காருகிற அளவுக்கு. அதை வசேமதாவின் முன்னால் விரித்தான்.

"அடுத்த கப்பல்ல வரச் சொன்னாரு. பல்ல மறக்காம எடுத்துட்டு வரணுமாம்." அவன் எபராமாவைப் பார்த்தான். "அப்புறம் அந்த டீவிக்காரங்களயும் ஒரு நாளைக்கு ஊருக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. பாவம், அவங்களுக்கும் கடல்ல ஆழம் போயித்தான் காது போச்சான்னு கேட்டாரு."